நம்ம பக்கம்தான் கோளாறு

அவரோடு சண்டை போடவே முடியாது. ஷார்ஜாவின் ரோலாப் பகுதியில் ஆறு ஆம்பளைகள் அடைந்து கிடந்த ஒரு அறையில் சண்டைக்கா பஞ்சம்? குளியலறையை யார் பூட்டிக்கொண்டு கிடந்தது, குழம்பில் யார் உப்பை அள்ளிக் கொட்டியது, ஏசியை யார் இவ்வளவு குளிரில் வைத்தது என்று தினம் ஒன்று கிளம்பும். கிளம்பின வேகத்தில் இவர் நடுவில் வந்து, "எம்மேலதான் தப்பு தம்பி, நாந்தான் கவனிக்கல" என்று சொல்லிவிடுவார். உப்பு கூடிப்போன அன்று அவர் டூட்டியில் இருந்திருப்பார்; அடுப்புப் பக்கமே வந்திருக்க மாட்டார். ஆனாலும் அப்படி ஒருவர் சொன்ன பிறகு மற்றவன் என்ன பேசுவான்? வரிந்து கட்டிக்கொண்டு எழுந்தவன் அசடு வழிய உட்கார்ந்துவிடுவான்.

எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். பிடிக்காமல் போனதும் அதே குணத்தால்தான். இதைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

அவர் அரியலூர்ப் பக்கம், நான் புதுக்கோட்டை. ஒரே கம்பெனி. கட்டடங்களுக்கு இண்டர்காம், தீ அலாரம் இவற்றுக்கெல்லாம் ஒயரிங் பார்க்கிற எலக்ட்ரீசியன் அவர், நான் ஸ்டோர்கீப்பர். இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் அவருக்கு நாற்பது வயது இருக்கலாம். ஒல்லியான உடம்பு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு டெஸ்டர். வெள்ளிக்கிழமை லீவு நாளில் லுங்கியும் பனியனுமாக இருக்கும்போதுகூட அந்த டெஸ்டர் எங்கேயாவது செருகியிருக்கும். இப்போது ஓமனில், சலாலாவில் இருப்பதாகக் கேள்வி. ஊருக்குப் போய்ச் சேரவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

வேலையில் அவருக்கு ஒரு முறை இருந்தது. எங்கே கோளாறு என்று கூப்பிட்டாலும், "நம்ம பக்கத்துலேர்ந்து ஆரம்பிப்போம்" என்பார். தன் கை பட்ட இடத்தைத்தான் முதலில் சந்தேகப்படுவார். ஒரே ஒரு ஒயரை மாற்றுவார், சோதிப்பார், சரியாகவில்லையென்றால் பழையபடி வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். "ரெண்டை ஒண்ணா மாத்துனா எது சரிபண்ணுச்சுன்னு தெரியாமப் போயிடும் தம்பி. அப்புறம் அடுத்த தடவை முழிக்கணும்." எங்கள் கம்பெனியில் மற்ற எலக்ட்ரீசியன்கள் எல்லாம் வாடகைக்கு இருப்பவர் மேலோ கட்டடக் காவலாளி மேலோ பழியைப் போட்டுவிட்டு வண்டியேறிவிடுவார்கள். இவர் ஒருவர்தான் அந்த வழிக்கே போகாதவர். அதனால் மேனேஜருக்கு இவர் செல்லப்பிள்ளை.

ஒருமுறை ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் ஒரு வீட்டுக்கு மட்டும் இண்டர்காம் அடிக்கவில்லை என்று புகார். இவர் கீழே பேனலைத் திறந்தார், தான் போட்ட இணைப்புகளைப் பிரித்து மறுபடி போட்டார், மாடி மாடியாகப் பெட்டிகளைத் திறந்து பார்த்தார். இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் அவருக்கு வேண்டிய சாமான்களைக் கொடுக்கப் போன நான், சும்மா இருக்கமாட்டாமல் அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒரு வயதான லெபனான்காரம்மா கதவைத் திறந்தார். இண்டர்காமின் பிளக் பிடுங்கப்பட்டுத் தரையில் கிடந்தது. கண்ட நேரத்தில் ஆட்கள் கூப்பிட்டுத் தொந்தரவு செய்கிறார்களாம், அதனால் அந்தம்மாவே பிடுங்கிப் போட்டிருக்கிறார். புகார் கொடுத்தது வேறு நாட்டில் இருக்கும் அவர் மகன்.

சிரித்துக்கொண்டே இறங்கி வந்து சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அவ்வளவு சுலபமா கழண்டு வர்ற மாதிரி மாட்டினது யாரு? நாந்தானே" என்றார்.

"ரெண்டு நாளா அந்தம்மா வீட்டுக் கதவைத் தட்டலாம்னு தோணவே இல்லியாண்ணே?"

"அவுங்களைப் போயி என்னன்னு கேக்கறது தம்பி? சங்கடப்படுவாங்கள்ல."

அப்போது அதை நான் நல்ல மனசு என்று எடுத்துக்கொண்டேன். நல்ல மனசுதான். ஆனால் இன்னொன்றும் அதில் இருந்தது. அது எனக்குப் பிடிபடக் கொஞ்ச காலம் ஆயிற்று.

அது முதலில் பட்டது ஒரு பேனல் எரிந்தபோது. கூட வேலை பார்த்த பீகார்காரர் ஒருவர் பிரேக்கரைப் போட்டதும் பொறி பறந்து பேனல் கருகிவிட்டது. மேனேஜர் வந்து குதிப்பதற்குள் இவர் முன்னால் போய், "மேரா கல்தி ஹே சாப்" என்று இந்தியிலும் தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்துவிட்டார். மேனேஜருக்கு அதற்குமேல் விசாரிக்க என்ன இருக்கிறது? கலாஸ், முடிந்தது, அடுத்த வேலையைப் பார் என்று போய்விட்டார். பீகார்காரர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். உண்மையில் தப்பு இரண்டு பேர் மேலும் இல்லை. வாங்கி வந்த பிரேக்கர் பெட்டியே மட்டமான சரக்கு. யாராவது நின்று ஏன் எரிந்தது என்று கேட்டிருந்தால் அது தெரிந்திருக்கும். அடுத்த மாதம் அதே பெட்டியிலிருந்து எடுத்த இன்னொரு பிரேக்கர் வெடித்து அந்தப் பீகார்காரரின் வலதுகை வெந்துபோனது. ஆஸ்பத்திரியில் இவர் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "எம்மேலதான் தப்பு" என்று அங்கேயும் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்போது அதைச் சொல்லி யாருக்கு என்ன லாபம்?

அவருக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் போவார், வருவார். அறையில் புதிதாக வருகிறவன் எவனாவது நாகரிகமில்லாமல் கேட்டுவைப்பான். "கோளாறு எம்பக்கம்தான்பா" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விடுவார்.

"டாக்டர்கிட்ட காட்டுனீங்களாண்ணே?" என்று நான் ஒருநாள் தனியாகக் கேட்டேன்.

"எதுக்குக் காட்டணும்? ஊருல அவளை ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுல்ல. நாந்தான்னு சொல்லியாச்சு. முடிஞ்சுபோச்சு."

எந்த ஆம்பளை இப்படிச் சொல்வான் என்று அன்றைக்கு நான் உருகிப்போனேன்.

அந்த மனைவியோடு அவர் பேசிக்கொண்டது பாதிக்குமேல் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில்தான். கேட்டால் சிரிப்பீர்கள். காலிங் கார்டு போட்டுப் பேசினால் என்ன பேசுவது? சாப்பிட்டாயா, மழை பெய்ததா, அம்மாவுக்கு மாத்திரை வாங்கினாயா என்று கேட்டு முடிந்தால் இரண்டு பக்கமும் மௌனம். அதற்குப் பதிலாக, வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ரோலாக் கடைகள் திறக்கிற நேரத்தில், இவர் இங்கே அறைக் கணினிமுன் உட்காருவார், எங்களுக்கு அண்ணியான அவர் மனைவி ஊரில் உட்காருவார். மரம் வெட்டி, வயல் போட்டு, ஊர் கட்டி, எதிரி ராஜாவை விரட்டுகிற ஆட்டம். இருவரும் ஒரே கட்சி, எதிர்க்கட்சி கம்ப்யூட்டர். ஆட்டத்துக்கு நடுவே ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துப் பேசிக்கொள்வார்கள். "உங்க அண்ணி காடு வெட்டுறதுல கெட்டிக்காரி" என்று எங்களிடம் பெருமை அடித்துக்கொள்வார். எதிரியின் ஊரை முழுக்க அழித்தால் ஆட்டம் முடிந்துவிடும் என்பதால், ஒரு ஓரத்தில் ஒரே ஒரு குடிசையை மட்டும் இடிக்காமல் விட்டுவைப்பார். அதை விட்டுவைத்துவிட்டு மாலைவரை இருவரும் வெறுமனே வீடு கட்டிக்கொண்டிருப்பார்கள்.

வந்தது வினை பென்டிரைவ் வழியாக. பாட்டு ஏற்றிக்கொண்டு வருகிறேன் என்று எங்களில் ஒருவன் கடையிலிருந்து வைரஸை ஏற்றிக்கொண்டு வந்தான். எத்தனையாவது தடவையோ, விண்டோஸ் படுத்துவிட்டது. முன்பு எங்களோடு இருந்து சவூதியின் அல் கோபாருக்கு மாறிப்போன செல்வம் ஒரு லினக்ஸ் சிடியை விட்டுப் போயிருந்தான். அதை இவர் எடுத்துப் போட்டார். விண்டோஸுக்காகச் செய்த விளையாட்டு லினக்ஸில் நேரே ஓடாது. வைன் என்று ஒரு மென்பொருளை நடுவில் போட்டு, விண்டோஸில்தான் ஓடுகிறோம் என்று விளையாட்டை நம்பவைக்க வேண்டும். "ஷார்ஜாவில இருந்துகொண்டு வைன் வைன் எண்டு உரத்துச் சொல்லாதேங்கோ அண்ணை, பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்" என்று, மதுவுக்குத் தடையுள்ள ஊரில், எங்கள் அறையிலிருந்த யாழ்ப்பாணத்து ரவி கேலி செய்தான். விளையாட்டு ஓடியது. படம் வந்தது, சத்தம் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை ஊரிலிருந்து அண்ணி, இவர் பெயர் பட்டியலில் வரவில்லை என்று போனில் சொன்னார்.

பட்டியல் என்பது இது. ஒருவர் ஆட்டத்தைத் தொடங்கி வைத்துக் காத்திருந்தால், மற்றவர் திரையில் அவர் பெயர் வரும். அதை அழுத்தினால் உள்ளே போய்விடலாம். ஊரிலிருக்கும் கணினியையும் இங்கிருப்பதையும் ஒரே அறையில் இருப்பதாக நம்பவைக்க இன்னொரு சின்ன மென்பொருள் இரண்டு பக்கமும் உண்டு. எதிர்முனைக் கணினி திறந்திருந்தால் அதன் பெயர் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும். அண்ணியின் பெயர் பக்கத்தில் நட்சத்திரம் இருந்தது. "பாருங்க, அவ வந்து உக்காந்திருக்கா. நாந்தான் அவளுக்குத் தெரிய மாட்டேங்குறேன்" என்று திரையைக் காட்டினார்.

பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளை எப்படிச் சொல்வது? நாங்கள் கிரிக்கெட் ஆடக் கடற்கரைக்குப் போவோம், துணி துவைப்போம், தூங்குவோம். அவர் பனியனோடு அந்தப் பெட்டியின் முன்னால் இருப்பார். ஃபயர்வால் என்கிற பாதுகாப்பு அரணை எடுத்துப் பார்த்தார், இல்லை, திருப்பி வைத்தார். ரௌட்டரில் போர்ட் என்கிற வாசல்களைத் திறந்து பார்த்தார், இல்லை, மூடினார். ஜன்னல் வழியாக அடுத்த ஃபிளாட்டிலிருந்து வந்த இண்டர்நெட் கேபிளை மாற்றினார். வைனைப் பிடுங்கிப் பழைய பதிப்பைப் போட்டார். ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஊருக்குப் போன். "இப்பத் தெரியுதா?" அங்கிருந்து அண்ணி, "இல்லைங்க, வரல." "சரி சரி, நீ வையி. இங்கதான் என்னமோ."

ரவிதான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டான். "அண்ணை, மனுசியிட்ட அங்க என்ன செய்யுறா, என்ன தெரியுது எண்டு வடிவாக் கேட்டுப் பாருங்கோவன். உந்தப் பெட்டியிட்டக் கேட்டு என்ன வரப்போகுது?"

"அவளுக்கு என்னப்பா தெரியும், பாவம். கோளாறு நம்ம பக்கம்."

அந்தச் சமயத்தில் எனக்கு லீவு வந்தது. யார் ஊருக்குப் போனாலும் மற்றவர்கள் வீட்டுக்குச் சாமான் எடுத்துப் போவது எங்கள் அறை வழக்கம். பால்பவுடர், தைலம், சோப்பு, பேரீச்சம்பழம் என்று இவரும் ஒரு பெட்டி கட்டிக் கொடுத்தார். ஊருக்குப் போன இரண்டாவது வாரம் பஸ் ஏறி அரியலூர் போய், அங்கிருந்து ஒரு ஷேர் ஆட்டோவில் அவர் வீட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வேண்டுமென்றே போனேன் என்று சொன்னால் பொய், அப்படி அமைந்தது.

கணினி திறந்திருந்தது. அண்ணி அதன் முன்னால் உட்கார்ந்து ஏதோ பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாளை டைப் செய்துகொண்டிருந்தார். பக்கத்து டைப்பிங் சென்டருக்காக வீட்டிலிருந்தே செய்து கொடுக்கிற வேலையாம். நாங்கள் ஷார்ஜாவில் நட்சத்திரம் நட்சத்திரம் என்று பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். மாமியார் உள்ளே படுத்திருந்தார். அண்ணி எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு வாசல்படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"விளையாட்டு இன்னும் சரியாகலீங்களா அண்ணி?" என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"முதல் வாரம் நிஜமாவே தெரியல தம்பி. அதுக்கப்பறம் நான் அந்த விளையாட்டைத் திறக்கவே இல்ல."

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. உள்ளே படுத்திருப்பவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்று மட்டும் கவனமாகப் பேசினார். திருச்சியில் ஒரு டாக்டரம்மாவிடம் தனியாகவே போய் எல்லாச் சோதனையும் எடுத்திருக்கிறார். "குறை எங்கிட்டதான் தம்பி இருக்கு. வைத்தியம் பார்த்தாச் சரியாகுமாம். ஆனா ரெண்டு பேரும் சேந்து வரணும், ஆறேழு மாசமாவது ஒண்ணா இருக்கணும்கறாங்க. முப்பத்தஞ்சைத் தாண்டிட்டா கஷ்டமாம். எனக்கு முப்பத்தி நாலு நடக்குது."

"அண்ணன்கிட்டச் சொன்னீங்களா?"

"சொல்ல விட்டாத்தானே? டாக்டருன்னு வாயைத் திறந்தா, கோளாறு எம்பக்கம்தான், நீ ஒண்ணும் நினைக்காதன்னு வாயை அடைச்சிடுறாரு. எங்கிட்டதான்னு நானே சொல்லிக்கக்கூட விடமாட்டேங்குறாரு. வெள்ளிக்கிழமையானா விளையாட்டுல வீடு கட்டலாம் வாங்கறாரு. அந்தக் கடைசிக் குடிசையை இடிங்கன்னா இடிக்க மாட்டாரு. அதான் போகலை. ஏன் வரலைன்னு ஒரு வார்த்தை கேக்கட்டும், அத்தனையும் சொல்லிடுறேன்னு இருக்கேன்."

"நான் போயிச் சொல்றேன் அண்ணி."

"வேணாம் தம்பி. நீங்க சொன்னா அதுக்கும் எம்மேலதான் தப்புன்னுடுவாரு. அவரா கேக்கணும். கேட்டா, எங்கிட்டப் பேசச் சொல்லுங்க."

ஷார்ஜா வந்து இறங்கியதும் அவர் என்ன கேட்டார் தெரியுமா? அண்ணி கொடுத்துவிட்ட பருப்புப்பொடியையும் முறுக்கையும் வாங்கிக் கட்டிலில் வைத்துவிட்டு, "தம்பி, அங்க மோடத்துல எத்தனை லைட் எரியுது, பாத்தியா?" என்று கேட்டார். அண்ணி எப்படி இருக்கிறார், இளைத்திருக்கிறாரா, என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை இல்லை. கரண்டு எத்தனை மணிநேரம் போகிறது, மேசைக்குப் பின்னால் ஒயர் தொங்குகிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

"அண்ணே, ஏன் வரலைன்னு அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க" என்றேன் கடைசியில்.

"என்னத்தக் கேக்க?"

"சும்மா கேளுங்கண்ணே. கேட்டா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?"

அவர் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். அவருக்கு அப்போதே ஏதோ பட்டிருக்க வேண்டும். பார்த்துவிட்டு, முறுக்கை ஒரு தட்டில் கொட்டி எல்லாருக்கும் நீட்டினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார். அது அவர் பக்கம்தான் இருந்தது, அதுதான் கொடுமை. கணினி தன் பெயருக்கு எதிரே தன் முகவரியை எழுதி வைத்துக்கொள்ள ஒரு சின்னக் கோப்பு உண்டு. லினக்ஸைப் போடும்போது அதுவாகவே அதில் ஒரு முகவரியை எழுதிவிடுகிறது. அந்தக் கணினி தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்ள மட்டும் ஆகிற முகவரி அது. வெளியிலிருந்து யாரும் அதைப் பிடித்துக்கொண்டு வந்து சேர முடியாது. விளையாட்டு அதைப் படித்துவிட்டு, நான் இங்கே இருக்கிறேன் என்று வெளியே அதையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த ஒரு வரியை மாற்றினார். மாற்றிவிட்டு ஊருக்குப் போன் போடாமல், முதலில் அல் கோபாரில் இருந்த செல்வத்தைக் கூப்பிட்டார். மூன்றாவது ஒரு இடத்திலிருந்து சோதிக்க வேண்டுமாம்.

"தெரியுதுண்ணே, ஒங்க பேரு பளிச்சுனு தெரியுது" என்று செல்வம் ஸ்பீக்கரில் கத்தினான். அடுத்த நிமிடம் ஆட்டத்துக்குள்ளும் வந்துவிட்டான். நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். ரவி டீ போடப் போனான்.

அவர் ஊருக்குப் போன் போட்டார். நட்சத்திரம் திரையில் இருந்தது.

"இப்பத் தெரியுதா?"

"இல்லைங்க. வரலைங்க."

அவர் கண்ணெதிரே செல்வம் ஆட்டத்துக்குள் மரம் வெட்டிக்கொண்டிருந்தான். அவர் அதைப் பார்த்துக்கொண்டே, "சரி சரி, இங்கதான் என்னமோ. நீ வையி" என்றார். போனை வைத்தார். அவர் முறைப்படி எல்லாம் சோதித்தாகிவிட்டது. இனி இந்தப் பக்கம் பார்க்க ஒன்றும் இல்லை. இப்போதாவது கேட்பார் என்று நான் நினைத்தேன். அவர் எழுந்து போய்ச் சட்டையை ஊறவைத்தார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் வேலை இடைவேளையில் நானே அண்ணிக்குப் போன் செய்தேன். "அண்ணி, இங்க எல்லாம் சரியாயிடுச்சு. நீங்க திறக்கலைங்கறது அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. வாயால கேக்கத்தான் அவருக்கு வரமாட்டேங்குது. வர்ற வெள்ளிக்கிழமை ஒரே ஒருதடவை உள்ள வாங்க. எழுத்துலயாவது கேப்பாரு. இல்ல, நீங்களே எழுதிடுங்க. எழுதுறப்ப வாயை அடைக்க முடியாதுல்ல."

 "வர்றேன் தம்பி" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் வழக்கம்போலக் குளித்து, எண்ணெய் வைத்துத் தலை வாரி, ஆட்டத்தைத் தொடங்கி வைத்துவிட்டுப் பெட்டிமுன் உட்கார்ந்தார். நட்சத்திரம் வந்தது. நான் கட்டிலில் படுத்து ஒரு பழைய வாரப்பத்திரிகையைத் திருப்பிக்கொண்டிருந்தேன், கண் முழுக்கத் திரையில். அண்ணியின் பெயர் ஆட்டத்துக்குள் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் என் போனில் ஊரிலிருந்து ஒரு மிஸ்டு கால். வெளியே மாடிப்படிக்கு வந்து கூப்பிட்டேன்.

"தம்பி, திறந்து உக்காந்திருக்கேன். அவரு பேரு வரல. சத்தியமா வரல தம்பி. நான் பொய் சொல்லல."

"அப்படியே இருங்க அண்ணி, மூடிடாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

"அண்ணே, என்ன செஞ்சு வச்சிருக்கீங்க இதை?"

அவர் திரும்பவில்லை. "அந்த வரியைப் பழையபடி மாத்தி வச்சுட்டேன் தம்பி."

"ஏண்ணே?"

"எல்லாம் சரியா இருந்து அவ வரலைன்னா, அது அவ தப்பாயிடும்ல."

அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. "வந்துட்டாங்கண்ணே. இப்ப அங்க உக்காந்திருக்காங்க. உங்களைத்தான் தேடிக்கிட்டிருக்காங்க" என்றேன்.

அவர் பதறிப்போய் விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். கரண்டு ஓடுகிற ஒயரைப் பிடித்து வேலை செய்கிறவர். அந்தக் கோப்பைத் திறக்கக் கடவுச்சொல் கேட்டது. லினக்ஸில் அதை அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது. தப்பாக அடித்தால் அடித்து முடித்த பிறகுதான் தெரியும். தப்பு என்றது. மறுபடி அடித்தார், மறுபடி தப்பு. ரவி பின்னால் வந்து நின்று, "ஆறுதலா அண்ணை, ஆறுதலா அடியுங்கோ" என்றான். ஒருவழியாகத் திறந்து, வரியை மாற்றி, விளையாட்டை மூடித் திரும்ப ஓடவிட்டு, பெயரைப் போட்டு உட்கார்ந்தபோது நட்சத்திரம் போயிருந்தது.

"கரண்டு போயிருக்கும்" என்றார்.

நட்சத்திரம் காட்டும் அந்தச் சின்ன மென்பொருளை மூடித் திறந்தார்.

"மோடம் சூடாயிருக்கும். வந்துரும்."

"போன் போட்டுக் கேளுங்கண்ணே" என்றேன். "இனிமேலும் கேக்கலைன்னா எப்பக் கேக்கப்போறீங்க?"

மாலை அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆட்டத்தில் அவர் பெயர் ஒன்றாவது இடத்தில் இருந்தது. இரண்டாவது இடம் காலியாக இருந்தது. இந்தப் பக்கம் எல்லாம் சரியாக இருந்தது. நானே கீழே போய்ப் புதுக் காலிங் கார்டு ஒன்று வாங்கிவந்து, சுரண்டி, நம்பர்களை அடித்து, நாற்பது நிமிடம் பேசலாம் என்று அந்தப் பெண் குரல் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, போனை அவர் கையில் வைத்தேன். "ஏன் வரலைன்னு கேளுங்க. அது ஒண்ணு போதும்" என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

மறுமுனையில் எடுத்ததும் அவர் குரல் உடைந்துவிட்டது. "நீ வந்திருந்தியாமே. நாந்தான்மா இல்லை. எம்மேலதான் தப்பு, நீ ஒண்ணும்..." என்று ஆரம்பித்தார்.

பிறகு, "ஹலோ" என்றார். "ஹலோ, கேக்குதா?" என்றார். போனைக் காதிலிருந்து எடுத்து அதன் முகத்தைப் பார்த்தார், துடைத்தார், மறுபடி காதில் வைத்தார்.

"கார்டு தீந்துபோச்சு போலருக்கு தம்பி" என்று என்னிடம் நீட்டினார்.

அதைச் சுரண்டிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.